பழைய ஆய்வக சிந்தசைசர்: எதை வாங்கலாம், எப்படி எழுப்பலாம், என்ன வேலை வாங்கலாம்

ஆய்வகங்கள் கழித்துவிட்ட அதிர்வெண் சிந்தசைசரை, அதாவது கேட்ட அதிர்வெண்ணைத் துல்லியமாக உண்டாக்கும் கருவியை, பொழுதுபோக்காக வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மூன்று கேள்விகளைக் கேட்கிறார்கள். எந்த மாடலில் தொடங்குவது? பல வருடம் தூங்கிய பெட்டிக்கு எப்படி மின்சாரம் கொடுப்பது? அலையை எண்களாகக் கணக்கிட்டு உண்டாக்கும் தீப்பெட்டி அளவு டிடிஎஸ் போர்டே எல்லா அதிர்வெண்ணையும் கொடுக்கும்போது இத்தனை கிலோ இரும்பு எதற்கு?

கடைசிக் கேள்வியில் தொடங்குகிறேன். அதற்கான விடைதான் மற்ற இரண்டையும் தீர்மானிக்கிறது. ஏடி9850 சிப் வைத்த மலிவான போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கடிகாரம் 125 மெகாஹெர்ட்ஸ், ஃபேஸ் கணக்கு 32 பிட். ஒரு படி என்பது 125 மெகாஹெர்ட்ஸை 2-இன் 32-ஆம் அடுக்கால் வகுத்தது, அதாவது சுமார் 0.0291 ஹெர்ட்ஸ். இந்தப் படிகளை அடுக்கி மிகச் சரியாக 10 மெகாஹெர்ட்ஸ் எடுக்க முடியாது. அதற்கு 343597383.68 படிகள் வேண்டும். சிப்புக்கோ முழு எண்தான் தெரியும். 343597384 என்று கொடுத்தால் ஏறக்குறைய 0.009 ஹெர்ட்ஸ் கூடுதலாக வரும். வானொலியைச் சோதிக்க அது போதும். நூறு கோடியில் ஒரு பங்கு துல்லியத்தில் இன்னொரு ஆசிலேட்டரை ஒப்பிடும்போது அந்தப் பிழையே அளவை விழுங்கிவிடும். போதாக்குறைக்கு, எண்ணை வோல்ட்டாக மாற்றும் 10 பிட் டிஏசி தரும் ஸ்பர்கள், அதாவது வேண்டாத துணை அலைகள், அதிர்வெண்ணை மாற்றும்போதெல்லாம் இடம் மாறும்.

பழைய ஆய்வக சிந்தசைசர்கள் பத்தடிமானத்தில் கட்டப்பட்டவை. 10.000000 என்று வைத்தால் ரெஃபரன்ஸின், அதாவது மூல ஆசிலேட்டரின், அதே துல்லியத்தில் அது வெளியே வரும், மிச்சம் எதுவும் இருக்காது. பல பெட்டிகளில் முன்பலகையில் தெரியும் ஒவ்வொரு இலக்கத்துக்கும் உள்ளே ஒரு சர்க்யூட் இருக்கிறது. எந்த இலக்கம் தவறுகிறது என்று பார்த்தே எந்த போர்டில் பழுது என்று சொல்லிவிடலாம். ஆகவே என் முதல் அறிவுரை: பிராண்டையோ அதிர்வெண் எல்லையையோ பார்த்து வாங்காதீர்கள். எந்த இலக்கம் எங்கே பிறக்கிறது என்பதைக் காட்டும் முழு சர்வீஸ் மேனுவல் கிடைக்கிற பெட்டியை வாங்குங்கள். எச்பி, ஜெனரல் ரேடியோ, ஃப்ளூக் போன்றோரின் அந்தக் காலத்து மேனுவல்களில் முழு சர்க்யூட் படம், சோதனைப் புள்ளிகளின் வோல்ட்டேஜ், அலை வடிவங்கள் எல்லாம் அச்சிட்டிருக்கும். பெரும்பாலானவை ஸ்கேனாகவும் கிடைக்கின்றன. மேனுவல் இல்லாத பெட்டி இலவசமாகக் கிடைத்தாலும் முதல் பெட்டியாக எடுக்க வேண்டாம்.

உள்ளமைப்பில் நான்கு வகை உண்டு. மூத்தது நேரடி அனலாக் முறை. எச்பி 1964-இல் வெளியிட்ட 5100ஏ சிந்தசைசரும் அதன் துணைப் பெட்டி 5110ஏ டிரைவரும் இந்த வகை. 0.01 ஹெர்ட்ஸ் படியில் 50 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். இதன் தந்திரம் கூட்டி வகுப்பது. 3 மெகாஹெர்ட்ஸுடன் 24 மெகாஹெர்ட்ஸைக் கூட்டினால் 27. அதனுடன் 3.0, 3.1, 3.2 என்று 3.9 வரை தயாராக இருக்கும் பத்து அதிர்வெண்களில் ஒன்றைக் கூட்டினால் 30.0 முதல் 30.9. அதைப் பத்தால் வகுத்தால் 3.00 முதல் 3.09. புறப்பட்ட 3 மெகாஹெர்ட்ஸ் பக்கத்துக்கே திரும்பி வந்துவிட்டோம், கையில் ஒரு இலக்கத்துடன். இதே மாதிரிக் கட்டங்களை எத்தனை வேண்டுமானாலும் வரிசையாக மாட்டலாம். 47 வேண்டுமென்றால் முதல் கட்டத்தில் 3.7 கொடுக்க 3.07 வரும், அடுத்ததில் 3.4 கொடுக்க 3.047 வரும். கடைசி இலக்கம்தான் சங்கிலியில் முதலில் நுழைகிறது என்பதைக் கவனியுங்கள்.

இதிலிருந்து நடைமுறைக்கு உதவும் ஒரு விஷயம் கிடைக்கிறது. ஒவ்வொரு முறை பத்தால் வகுக்கும்போதும் அந்தக் கட்டத்துக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட ஃபேஸ் இரைச்சலும் (அலையின் சிறு நடுக்கம்) ஸ்பரும் 20 டெசிபெல் குறைகின்றன. கீழ் இலக்கக் கட்டங்களின் அழுக்கு வழியிலேயே கழுவப்பட்டுவிடும். மேல் இலக்கக் கட்டத்தின் அழுக்கு அப்படியே வெளியே வரும். ஜெனரல் ரேடியோவின் 1160 வரிசை இந்த இடத்தில் ஒரு வரம். 1161, 1162, 1163, 1164 என்று முறையே 100 கிலோஹெர்ட்ஸ், 1, 12, 70 மெகாஹெர்ட்ஸ் வரை போகும் நான்கு பெட்டிகள். இலக்க மாட்யூல்கள் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடக்கூடியவை. ஸ்பெக்ட்ரம் அனலைசரில் ஒவ்வொன்றாகப் பார்த்து, இருப்பதிலேயே சுத்தமானதை மேல் இலக்கத்தில் மாட்டுங்கள். சந்தேகத்துக்குரியது கடைசி இலக்கத்தில் பல வருடம் தொந்தரவில்லாமல் ஓடும்.

நேரடி அனலாக் முறையைப் பிற்காலம் வரை எடுத்துச் சென்றது புரோகிராம்டு டெஸ்ட் சோர்சஸ் நிறுவனம். அவர்களுடைய பிடிஎஸ் 160, 250, 310, 500 பெட்டிகள் என்எம்ஆர் கருவிகளுக்குள் ஏராளமாகப் போயின. அதனால் இன்றும் கிடைக்கின்றன. பெயரில் இருக்கும் எண்தான் மெகாஹெர்ட்ஸில் மேல் எல்லை. 20 மைக்ரோவினாடி அளவிலேயே அதிர்வெண் மாறிவிடும். ஆனால் கருவிக்குள் மாட்டி விற்றவற்றில் முன்பலகைக் குமிழே இல்லாமல் வெறும் தகடு இருக்கலாம். பின்பக்க 50 பின் கனெக்டர் வழியாகத்தான் அவற்றுக்கு எண் கொடுக்க முடியும். இதற்குப் பயப்பட வேண்டாம்; வழியைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது வகை பல பிஎல்எல் வளையங்களை, அதாவது ஆசிலேட்டரை ரெஃபரன்ஸோடு பூட்டி வைக்கும் சர்க்யூட்களை, அடுக்கியது. எச்பி 8660 குடும்பம் நல்ல உதாரணம்: 1 ஹெர்ட்ஸ் படி, பிளக்-இன் அமைப்பு. இதில் கையைச் சுட்டுக்கொள்வது மிக எளிது. மெயின்ஃபிரேம் மட்டும் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அது மட்டும் இருந்தால் எதுவும் வெளியே வராது. வலப்பக்கம் ஆர்எஃப் பிரிவு வேண்டும்: 110 மெகாஹெர்ட்ஸ் வரையில் 86601ஏ, 1300 வரையில் 86602, 2600 வரையில் 86603. பின்னிரண்டுக்கும் மெயின்ஃபிரேமின் உள்ளே 11661 என்ற அதிர்வெண் நீட்டிப்பு மாட்யூல் மாட்டியிருக்க வேண்டும். இடப்பக்கக் குழியில் மாடுலேஷன் பிரிவோ, அது இல்லையென்றால் 86631 துணைப் பிரிவோ இருந்தாக வேண்டும். விற்பவரிடம் மூடியைத் திறந்து 11661 இருக்கிறதா என்று படம் கேளுங்கள். அதைத் தனியாகத் தேடுவது பெட்டியைத் தேடுவதைவிடக் கடினம்.

8662ஏ பற்றி எல்லாரும் கேட்பார்கள். 10 கிலோஹெர்ட்ஸ் முதல் 1280 மெகாஹெர்ட்ஸ் வரை, ஃபேஸ் இரைச்சலில் இன்றைய பல புதிய கருவிகளையும் வெட்கப்பட வைக்கும். ஆனால் எடை 30 கிலோ. உள்ளே வளையத்துக்குள் வளையம். ஒன்று பூட்டவில்லை என்றால் அது எந்த வளையத்தின் குற்றம் என்று பிரித்தறியவே ஸ்பெக்ட்ரம் அனலைசர் வேண்டும். இரண்டு மூன்று பெட்டிகளைப் பழுது பார்த்துப் பழகிய பிறகு இதற்கு வாருங்கள்.

மூன்றாவது, பின்ன வகுப்பு முறை: பிஎல்எல் வளையத்தின் வகுப்பெண்ணை மாறி மாறி வைத்து, சராசரியில் பின்ன எண்ணால் வகுப்பது. எச்பி 3325ஏ இதில் பெயர் பெற்றது. சைன் அலை 1 மைக்ரோஹெர்ட்ஸிலிருந்து ஏறக்குறைய 21 மெகாஹெர்ட்ஸ் வரை, 11 இலக்கம். 100 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே 1 மைக்ரோஹெர்ட்ஸ் படி, அதற்கு மேலே 1 மில்லிஹெர்ட்ஸ். 50 ஓமில் 10 வோல்ட் பீக்-டு-பீக் வரை தரும். சதுரம், முக்கோணம், ரம்பப்பல் அலைகளும் உண்டு. எடை 10 கிலோவுக்குள். முதல் பெட்டியாக எதை வாங்கலாம் என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். அதிக அதிர்வெண் வேண்டுமென்றால் 200 ஹெர்ட்ஸ் முதல் 80 மெகாஹெர்ட்ஸ் வரை போகும் 3335ஏ. தொலைபேசித் துறைக்காகச் செய்ததால் இதில் 75 ஓம் வெளியீடு கொண்டவையும் உண்டு. பின்பலகையில் ஆப்ஷன் எண்ணைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நான்காவது டிடிஎஸ். டியர்னி, ரேடர், கோல்டு மூவரும் 1971-இல் எழுதிய கட்டுரை இதற்கு அடித்தளம். சில வருடங்களிலேயே ராக்லேண்ட் 5100 போன்ற பெட்டிகள் டிடிஎல் சிப்புகளை அடுக்கி 2 மெகாஹெர்ட்ஸ் வரை இதைச் செய்தன. சேகரிப்புக்கு அழகானவை, வேலைக்கு 3325ஏ போதும்.

வாங்கும் இடத்தில் கவனிக்க வேண்டியவை சிலவே. மெயின் சுவிட்ச் போட்டதும் பிஎல்எல் பூட்டவில்லை என்று சொல்லும் விளக்கு அணைகிறதா? ஓவன் (கிரிஸ்டலைச் சீரான சூட்டில் வைக்கும் ஆசிலேட்டர்) உள்ளது என்றால் முதல் சில நிமிடம் எரிந்து அணைவது இயல்பு. வெளியீட்டு அளவைப் பத்து டெசிபெல் படிகளில் குறைக்கும்போது உள்ளே ரிலே சத்தம் ஒவ்வொரு படிக்கும் கேட்க வேண்டும். மூடியின் திருகுகளில் தலை சிதைந்திருந்தால் யாரோ உள்ளே கைவைத்திருக்கிறார்கள். அதைவிடக் கெட்ட அடையாளம் உள்ளே டிரிம்மர்களின் மேல் போட்ட அரக்கு உடைந்திருப்பது. இறந்த கெப்பாசிட்டரை மாற்றிவிடலாம். பத்து டிரிம்மரை யாரோ குத்துமதிப்பாகத் திருப்பியிருந்தால் மேனுவலின் முழு அளவீட்டையும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும்.

பெட்டி வீட்டுக்கு வந்ததும் பிளக்கை மாட்டிவிடாதீர்கள். முதலில் வோல்ட்டேஜ் தேர்வைப் பாருங்கள். எச்பி பெட்டிகள் பலவற்றில் 100, 120, 220, 240 என்று நான்கு நிலை. ஒவ்வொன்றும் மேலே 5 சதவீதம், கீழே 10 சதவீதம் தாங்கும். ஆக 220 நிலைக்கு எல்லை 198 முதல் 231 வரை, 240 நிலைக்கு 216 முதல் 252 வரை. சுவரில் 230 வருகிற இடத்தில் 240 நிலைதான் சரி. 220-இல் வைத்தால் ஓடும். ஆனால் ரெகுலேட்டர்கள் தேவையில்லாமல் சூடாகி ஆயுள் குறையும். நிலையை மாற்றினால் ஃபியூஸின் ஆம்பியரும் மாறும், அதையும் பாருங்கள்.

அடுத்து மெயின் ஃபில்டர். அந்தக் கால ஐரோப்பியப் பெட்டிகளிலும் சில அமெரிக்கப் பெட்டிகளிலும் மெயினின் இரு கம்பிகளுக்கு நடுவே வரும் எக்ஸ் வகை கெப்பாசிட்டராக ரிஃபா நிறுவனத்தின் காகித வகையைப் போட்டிருப்பார்கள். மஞ்சள் கலந்த ஒளிபுகும் எப்பாக்ஸி உறை, அதில் மெல்லிய விரிசல்கள். விரிசல் வழியாக ஈரம் காகிதத்துக்குள் போகும். மின்சாரம் கொடுத்த சில நிமிடத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் வெடித்து அறை முழுக்க நாற்றப் புகை. சோதித்துப் பார்க்கவே வேண்டாம், கழற்றிவிட்டு எக்ஸ்2 தரமுள்ள பாலிபுரோப்பிலீன் வகையைப் போடுங்கள். மெயினிலிருந்து உடலுக்கு இணைத்த ஒய் வகை கெப்பாசிட்டரை ஒய் தரமுள்ளதால் மட்டுமே மாற்ற வேண்டும். சாதாரணமானது ஷார்ட் ஆனால் பெட்டியின் உடலில் மின்சாரம் நிற்கும்.

பிறகு டாண்டலம். 1970-களின் போர்டுகளில் சப்ளை வரும் இடமெல்லாம் சொட்டு வடிவ டாண்டலம் கெப்பாசிட்டர்கள் இருக்கும். நீண்ட தூக்கத்துக்குப் பிறகு இவை முழு ஷார்ட்டாகும் பழக்கம் கொண்டவை. மின்சாரம் கொடுக்கும் முன் ஒவ்வொரு சப்ளை கம்பிக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஓம் பாருங்கள். ஓரிரு ஓம் காட்டினால் எங்கோ ஒன்று போய்விட்டது. எந்த போர்டு என்று ஒவ்வொன்றாக உருவிப் பார்த்துக் கண்டுபிடித்தபின், அந்தக் கம்பியில் வெளி சப்ளையிலிருந்து 0.3 வோல்ட், 0.5 ஆம்பியர் எல்லை வைத்துக் கொடுங்கள். அவ்வளவு குறைந்த வோல்ட்டில் சிலிக்கான் எதுவும் திறக்காது. கரண்ட் முழுவதும் ஷார்ட்டை நோக்கியே ஓடும். மில்லிவோல்ட் மீட்டரால் டிராக் நெடுகத் தொட்டுப் போனால் வோல்ட் குறைந்துகொண்டே போய் ஓரிடத்தில் குறைவது நிற்கும். ஷார்ட் அங்கேதான். புதியது போடும்போது சப்ளையைப் போல இரண்டு மடங்கு வோல்ட் தாங்குவதாக இருக்கட்டும்: 15 வோல்ட் கம்பிக்கு 35 வோல்ட் பாகம். திசையை இரண்டு முறை சரிபாருங்கள். தலைகீழாகப் போட்ட டாண்டலம் தீப்பிடிக்கும்.

முதல் மின்சாரத்துக்கு, டிரான்ஸ்ஃபார்மர் வைத்த லீனியர் சப்ளை என்றால் 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் மாட்டுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்ல அறிகுறி. பிரகாசமாகவே நின்றால் அணைத்துவிட்டுத் தேடுங்கள். வேரியாக்கால் மெல்ல ஏற்றுவதும் லீனியர் சப்ளைக்குச் சரி. சுவிட்சிங் சப்ளை உள்ள பெட்டியில் அதைச் செய்யாதீர்கள். உள்ளே வரும் வோல்ட் குறைந்தால் அது கூடுதல் கரண்ட் இழுக்கும், சுவிட்சிங் டிரான்சிஸ்டர் போய்விடும்.

எல்லா எலக்ட்ரோலைட்டிக்கையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவது பரவலான பழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்கோப்பில் ஏசி கப்ளிங் வைத்து ஒவ்வொரு சப்ளையின் ரிப்பிளையும் முழு லோடில் பாருங்கள். மேனுவலின் எல்லைக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். அந்தப் பெரிய திருகு முனை கெப்பாசிட்டர்களில் பல இன்றும் திடமாக இருக்கின்றன. பல அடுக்கு போர்டில் சூடு வைத்துப் பேட் உரிந்துபோன சேதம் பழைய கெப்பாசிட்டர் செய்யும் சேதத்தைவிட அதிகம். மின்விசிறிக்குப் பக்கத்தில் இருக்கும் அழுகிய ஸ்பாஞ்சைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். அது கரிய பசையாக உருகி போர்டில் சொட்டும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்துத் துடைக்கலாம்.

எண்பதுகளின் மைக்ரோபுராசசர் பெட்டிகளில் இன்னும் இரண்டு வேலை. நிரல் இருக்கும் ஈப்ரோம் சிப்புகளைக் கழற்றி, படித்து, கோப்பாகச் சேமித்துவிடுங்கள். மின்னூட்டம் கசிந்து ஒரு பிட் மறந்தாலும் பெட்டி எழாது. பேட்டரி வைத்த ராம் இருந்தால், அதில் அளவீட்டுத் தரவு இருக்கிறதா என்று மேனுவலில் பார்த்த பிறகே பேட்டரியைத் தொடுங்கள். இருந்தால் வெளியிலிருந்து அதே வோல்ட்டை ஒரு டையோடு வழியாகக் கொடுத்துக்கொண்டே மாற்ற வேண்டும்.

இப்போது இலக்கங்களைப் படிக்கலாம். வெளியீட்டை ஒரு கவுண்ட்டரில் மாட்டி, கவுண்ட்டருக்கும் சிந்தசைசருக்கும் ஒரே ரெஃபரன்ஸைக் கொடுங்கள். இரண்டும் ஒரே கடிகாரத்தைப் பார்ப்பதால் ரெஃபரன்ஸின் பிழை கணக்கிலிருந்து கழன்றுவிடும். கவுண்ட்டரின் கடைசி இலக்கத்தில் ஒன்று கூடக் குறைய இருக்கலாம், அதற்கு மேல் வித்தியாசம் தெரிந்தால் சிந்தசைசரில் பழுது. ஒவ்வொரு இலக்கத்தையும் 0 முதல் 9 வரை நகர்த்தி எழுதிக்கொள்ளுங்கள். ஒரு இலக்கத்தை 8, 4, 2, 1 என்று சுமக்கும் பிசிடி கம்பிகளில் ஒன்று செத்திருந்தால் அது கைரேகை போலத் தெரியும். 4-இன் கம்பி போயிருந்தால் 4 கேட்டால் 0 வரும், 5 கேட்டால் 1, 6-க்கு 2, 7-க்கு 3. மற்றவை சரியாக இருக்கும். 1-இன் கம்பி போனால் ஒற்றை எண்கள் எல்லாம் ஒன்று குறையும்.

நேரடி அனலாக் பெட்டியில் வேறு கைரேகை. எல்லா இலக்கங்களிலும் 7 மட்டும் வரவில்லை என்றால் 3.7 மெகாஹெர்ட்ஸை உண்டாக்கும் பொதுச் சர்க்யூட்டில் பழுது. ஒரே ஒரு இலக்கத்தில் மட்டும் 7 வரவில்லை என்றால் அந்தக் கட்டத்தின் சுவிட்ச் டையோடு. எதுவுமே வரவில்லை என்றால் ஏதோ ஒரு கட்டத்தில் மிக்சரோ வகுப்பானோ நின்றுவிட்டது. கடைசி இலக்கக் கட்டத்தில் தொடங்கி மேல் நோக்கி ஸ்கோப்பால் தொட்டுப் போங்கள், அலை காணாமல் போகும் முதல் கட்டம்தான் குற்றவாளி.

பிஎல்எல் பெட்டி சில அதிர்வெண்ணில் மட்டும் பூட்டாமல் திணறினால் விசிஓவின் (வோல்ட்டுக்கு ஏற்ப அதிர்வெண் மாறும் ஆசிலேட்டர்) டியூனிங் வோல்ட்டை அதிர்வெண் வாரியாக அளந்து தாளில் வரையுங்கள். வளைவு மென்மையாக ஏற வேண்டும். ஒரு முனையில் சப்ளையைத் தொட்டு நின்றால் விசிஓ நகர்ந்திருக்கிறது. நடுவில் குதித்தால் முன்நிலை கொடுக்கும் டிஏசியைப் பாருங்கள். பின்ன வகுப்புப் பெட்டிக்கு உரிய நோய் வேறு. வகுப்பெண் மாறி மாறி வருவதால் உண்டாகும் ஃபேஸ் பிழையை முன்கூட்டிக் கணக்கிட்டு, சிறு கரண்ட்டுகளால் கழிப்பதுதான் 3325ஏ-வின் வித்தை. அந்தக் கழித்தல் சற்று பிசகினாலும் ஸ்பர் எழும். 5.001 மெகாஹெர்ட்ஸ் போல 100 கிலோஹெர்ட்ஸின் மடங்கிலிருந்து சற்றே விலகிய எண்ணை வைத்து, அலையிலிருந்து 1 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இரு பக்கமும் பாருங்கள். அங்கே முள் தெரிந்தால் இந்தக் கழித்தலுக்காக மேனுவலில் உள்ள ஏபிஐ அளவீட்டைச் செய்ய வேண்டும். அதற்கு முன் எட்ஜ் கனெக்டர்களை ஆல்கஹாலால் துடைத்து போர்டுகளைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். பாதி நேரம் வியாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

எல்லாவற்றையும்விட அதிகம் சாகும் பாகம் வெளியீட்டு அட்டெனுவேட்டர். அதைக் கொல்வது வயது அல்ல, பயன்படுத்துபவர். டிரான்சீவரின் ரிசீவரைச் சோதிக்கும்போது தவறுதலாக மைக் பட்டனை அழுத்தினால் பல வாட் பின்னோக்கி வந்து சின்னஞ்சிறு 50 ஓம் ரெசிஸ்டர்களைக் கருக்கிவிடும். டிரான்சீவரைத் தொடும்போதெல்லாம் நடுவில் வாட் தாங்கும் 20 டெசிபெல் அட்டெனுவேட்டரை நிரந்தரமாக வையுங்கள். டிசி இருக்கும் புள்ளியைத் தொடுவதானால் டிசி பிளாக். கருகிய படிகளை அடையாளம் காண்பது எளிது: 10, 20, 40 என்று ஒவ்வொரு படியாகப் போட்டு வெளியீட்டை அளந்தால் ஒரு படி மட்டும் கணக்கில் உதைக்கும்.

அளவைப் பற்றிப் புதியவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று. 0 டிபிஎம், அதாவது 1 மில்லிவாட், என்றால் 50 ஓமில் 224 மில்லிவோல்ட் ஆர்எம்எஸ், 632 மில்லிவோல்ட் பீக்-டு-பீக். ஸ்கோப்பின் 1 மெகாஓம் நுழைவில் மாட்டினால் இது அப்படியே இரட்டிப்பாகத் தெரியும். பெட்டி பழுதில்லை, 50 ஓம் முடிப்பான் இல்லை, அவ்வளவுதான்.

ரெஃபரன்ஸ் விஷயத்தில் 3325ஏ ஒரு பொறி வைத்திருக்கிறது. ஆப்ஷன் 001 உள்ள பெட்டியில் பின்பக்கம் ஓவனின் 10 மெகாஹெர்ட்ஸ் வெளியீடு தனி பிஎன்சியில் வரும். அதை ஒரு குட்டிக் கேபிளால் ரெஃபரன்ஸ் நுழைவில் மாட்டினால்தான் ஓவன் வேலைக்கு வரும். விற்கும் வழியில் அந்தக் கேபிள் பெரும்பாலும் தொலைந்திருக்கும். பெட்டி எந்தப் புகாரும் சொல்லாமல் சாதாரணக் கிரிஸ்டலில் ஓடிக்கொண்டிருக்கும், ஓவன் வீணாகச் சூடாகிக்கொண்டிருக்கும்.

ஜிபிஎஸ்ஸோடு பூட்டிய 10 மெகாஹெர்ட்ஸை எல்லாக் கருவிக்கும் பங்கிட்டுக் கொடுப்பது நீண்ட காலத் துல்லியத்துக்கு நல்லது. ஆனால் சுத்தம் என்பது வேறு. ரெஃபரன்ஸின் இரைச்சல் பெருக்கத்தோடு ஏறும்: 10 மெகாஹெர்ட்ஸ் 640 ஆனால் பெருக்கம் 64, இரைச்சல் 36 டெசிபெல் மேலே. மலிவான ஜிபிஎஸ் பெட்டியைவிட எச்பி 10811 போன்ற உள் ஓவன் குறுகிய நேரத்தில் சுத்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஃபேஸ் இரைச்சல் அளக்கும் நாளில் உள் ஓவன், அதிர்வெண் அளக்கும் நாளில் ஜிபிஎஸ் என்று மாற்றிக்கொள்ளுங்கள். பங்கிடும் இடத்தில் சிறு ஆர்எஃப் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துக் கிரவுண்டைப் பிரித்துவிடுங்கள். இல்லையென்றால் கேபிள் உறைகள் வழியாக ஓடும் மெயின் கரண்ட், அலையின் இரு பக்கமும் மெயின் அதிர்வெண் தூரத்தில் முள்ளாக நிற்கும்.

வேலைக்கு வருவோம். சொந்தமாகக் கிரிஸ்டல் ஃபில்டர் கட்டுகிறவர்களுக்கு 1 ஹெர்ட்ஸ் படி உள்ள சிந்தசைசரைப் போல உதவுவது வேறில்லை. இரு பக்கமும் 50 ஓமை 12.5 ஓமாக மாற்றும் ரெசிஸ்டர் பேட் வைத்து, நடுவில் கிரிஸ்டலை மாட்டுங்கள். சிக்னலை −10 டிபிஎமுக்குக் கீழே வையுங்கள். கூட்டினால் கிரிஸ்டல் சூடாகி நகரும். உச்சத்தைத் தேடிக் குறித்துக்கொண்டு, இரு பக்கமும் 3 டெசிபெல் விழும் இடங்களைக் குறியுங்கள். பிறகு கிரிஸ்டலை எடுத்துவிட்டு ஒரு சிறு டிரிம்பாட்டை வைத்து உச்சத்தின் அதே அளவு வரும்வரை திருப்பினால், அந்த ஓம்தான் கிரிஸ்டலின் இழப்பு. அது 15 ஓம், 3 டெசிபெல் அகலம் 300 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 25 கூட்டல் 15, ஆக 40 ஓம். அதை 2 பை பெருக்கல் 300-ஆல் வகுத்தால் கிரிஸ்டலின் இயங்கு இண்டக்டன்ஸ் சுமார் 21 மில்லிஹென்றி. 9 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் என்றால் கெப்பாசிட்டன்ஸ் 15 ஃபெம்டோஃபாரடுக்குச் சற்றுக் கீழே. இருபது கிரிஸ்டலை இப்படி அளந்து ஒத்தவற்றைப் பொறுக்கினால் ஃபில்டரின் மேற்பரப்பு அலைபாயாது.

ரிசீவரின் உணர்திறன் அளக்கும்போது முதலில் கசிவைச் சோதியுங்கள். வெளியீட்டில் 50 ஓம் முடிப்பானை மாட்டிவிட்டு, ரிசீவரைத் தனியாக வைத்துக் கேளுங்கள். அப்போதும் சிக்னல் கேட்டால் பெட்டியின் மூடித் திருகுகளோ, கேபிளோ கசிகிறது. ஒற்றை உறை ஆர்ஜி-58 இதற்கு உதவாது. இரட்டை உறை ஆர்ஜி-223 வேண்டும். 3335ஏ கீழே −87 டிபிஎம் அளவில் நின்றுவிடும், மேலும் இறங்க வெளியே 40 டெசிபெல் அட்டெனுவேட்டர் சேருங்கள். இரண்டு சிந்தசைசர் சேர்ந்துவிட்டால் மூன்றாம் படி இடைக்கலப்பை அளக்கலாம். 14.200, 14.220 இரண்டையும் கொடுத்து 14.180, 14.240-இல் தேட வேண்டும். இரண்டையும் கலக்கும் ஹைபிரிடுக்கு முன் ஒவ்வொரு பக்கமும் 10 டெசிபெல் பேட் அவசியம். இல்லாவிட்டால் ஒன்றின் சிக்னல் மற்றொன்றின் வெளியீட்டு ஆம்ப்ளிஃபையருக்குள் நுழைந்து அங்கேயே கலந்துவிடும். அதை ரிசீவரின் குற்றமாக எழுதி வைப்பீர்கள்.

குமிழ் இல்லாத பிடிஎஸ் பெட்டிக்கு வழி சொல்வதாகச் சொன்னேன். ஒரு இலக்கத்துக்கு 4 பிசிடி கம்பி, 10 இலக்கத்துக்கு 40. ஐந்து 74எச்சி595 ஷிஃப்ட் ரிஜிஸ்டர்களை வரிசையாக மாட்டினால் எந்த மைக்ரோகண்ட்ரோலரும் தன் மூன்று பின்களைக் கொண்டே 40 கம்பியையும் ஆளலாம். கம்பி தாழ்ந்திருந்தால் ஒன்றா, உயர்ந்திருந்தால் ஒன்றா என்பதை அந்தப் பெட்டிக்குரிய மேனுவலில் பார்த்துவிடுங்கள். 3325ஏ போன்றவற்றுக்குக் கணினியிலிருந்து ஆள ஜிபிஐபி இணைப்பு இருப்பதால் இந்தத் தச்சு வேலை தேவையில்லை.

தொடக்கத்தில் சொன்ன ஆசிலேட்டர் ஒப்பீட்டுக்கு எளிய அமைப்பு இது. சோதிக்க வேண்டிய 10 மெகாஹெர்ட்ஸ் ஓவனை மிக்சரின் ஒரு பக்கம் கொடுங்கள். மறுபக்கம் நல்ல ரெஃபரன்ஸில் ஓடும் சிந்தசைசரை 10.000010 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். மிக்சரிலிருந்து 10 ஹெர்ட்ஸ் விம்மல் வரும். அதைச் சில நூறு ஹெர்ட்ஸ் லோ-பாஸ் ஃபில்டர் வழியாக எடுத்து, கவுண்ட்டரில் பீரியட் அளக்கவும். ஓவன் நூறு கோடியில் ஒரு பங்கு நகர்ந்தால் அது 0.01 ஹெர்ட்ஸ்தான், ஆனால் 10 ஹெர்ட்ஸ் விம்மலில் அதுவே ஆயிரத்தில் ஒரு பங்கு, எந்தச் சாதாரண கவுண்ட்டரும் பிடித்துவிடும். விம்மல் மெதுவாக ஏறி இறங்குவதால் கவுண்ட்டரின் டிரிக்கர் இரைச்சலில் தடுமாறும். ஒரே அடியில் பெரிதாக்காமல், குறைந்த இரைச்சல் ஆப்-ஆம்ப்பில் முதலில் பத்து மடங்கு, டையோடால் வெட்டு, மறுபடி பத்து மடங்கு, மறுபடி வெட்டு என்று மூன்று கட்டமாகச் சதுரமாக்குங்கள். ஒவ்வொரு கட்டத்தின் அலைவரிசை அகலத்தையும் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், முதல் கட்டம்தான் மிகக் குறுகியது. அமைத்த பிறகு இரண்டு பெட்டிகளையும் 24 மணி நேரம் ஓடவிட்டு, அதன் பிறகு வரும் எண்களை மட்டும் எழுதுங்கள்.